அக்கா கேட்ட பறவை

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பதினோரு வயதில் பால் மரத்துக்குப் போன கை இது. கோடு போட்ட தாளிலும் என் வரி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்கும். எங்கே ரகரம், எங்கே றகரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நடந்தது ஒரு பறவையைப் பற்றியது. அந்தப் பறவை இங்கே இல்லை என்று என் அக்காவுக்கு நான் ஒருமுறை எழுதிவிட்டேன். அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. அக்காவும் நானும் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டினோம். என் மரங்கள் முடியாவிட்டால் அவள் வந்து நாலு மரம் வெட்டிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போவாள். அத்தானுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அக்காவுக்கும் பிறப்புப் பத்திரம் கிடைக்காமல் சிவப்பு அட்டைதான். அந்த அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பாதி மூட்டை கட்டியது. 1970-இல் அவர்களும் சேலம் பக்கத்தில் அத்தானுடைய கிராமத்துக்குப் போனார்கள். அக்கா அதற்கு முன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஈப்போ ரயில் நிலையம்வரை நான் போனேன். பினாங்குக்குப் போய்க் கப்பலேற்றிவிட எனக்கு லீவு கிடைக்கவில்லை. ரயில் புறப்படும்போதுகூட நான் ஒன்றும் பேசவில்லை. நான் எப்போதும் அப்படித்தான்.

அவளுடைய கடிதங்கள் நீலநிற ஏர்மெயில் தாளில் வரும். ஆறாம் வகுப்புவரை படித்தவள், என்னைவிட நன்றாக எழுதுவாள். எது இங்கே போல இருக்கிறது, எது இல்லை என்பதுதான் அவற்றில் இருக்கும். "இங்கே காக்காய்க்குக்கூட கழுத்து சாம்பல் நிறம் தம்பி." "மழை நம்ம ஊர் மாதிரி சாயங்காலம் வந்துவிட்டுப் போவதில்லை. வந்தால் நாள்கணக்கில் பெய்யும், இல்லாவிட்டால் இல்லவே இல்லை." "நான் சந்தையைப் பாசார் என்று சொன்னால் பெண்டுகள் சிரிக்கிறார்கள். மலாயாக்காரி என்றுதான் எனக்குப் பெயர். என் சொந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை."

1973-இல் வைகாசி மாதம் வந்த ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்த்தே எழுதுகிறேன்.

"ஏரியில் தாமரை இலை மேல் ஒரு பறவை நடக்கிறது. தண்ணியில் விழுவதே இல்லை. உடம்பு கறுப்பு மாதிரி, இறக்கை வெள்ளை, பின்கழுத்தில் பொன் மஞ்சள். வால் அரிவாள் போல வளைந்து ஒரு முழத்துக்கு இருக்கு. நான் துணி துவைக்கும்போது பக்கத்திலேயே வருது. நம்ம தோட்டத்துக்கு வெளியே ஈயக்குட்டையில் தாமரை கிடந்ததே, அங்கே இது இருக்கா? பார்த்து எழுது. அங்கேயும் இருக்குன்னு தெரிஞ்சா, இந்த ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் போல இருக்கும்."

வேறெந்தக் கடிதத்திலும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பணம் கேட்டதில்லை, துணி கேட்டதில்லை. இதை மட்டும்தான் கேட்டாள்.

நான் தேடினேன். அதுவரை பறவைகளை நான் பார்த்தவன் இல்லை. கேட்டவன். பால் வெட்டுகிறவனுக்கு விடியுமுன் கண்ணுக்கு வேலை மரப்பட்டையில்தான், காது மட்டும் சும்மா இருக்கும். அக்கா கேட்டதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈயக்குட்டைகளுக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட குட்டைகள் கிந்தா பக்கம் எத்தனையோ. சிலவற்றில் மணலும் பச்சைத் தண்ணீரும்தான் இருக்கும். சிலவற்றில் தாமரையும் ஆகாயத் தாமரையும் மண்டிக் கிடக்கும். இப்படிப்பட்ட குட்டைகளில்தான் நான் மணிக்கணக்கில் குந்தியிருந்தேன். ஒரு முழ வாலை எங்கும் காணவில்லை. இரண்டு வருடம் தேடினேன். பிறகு எழுதினேன்: "எல்லாக் குட்டையும் பார்த்துவிட்டேன். அந்தப் பறவை நம் பக்கம் இல்லை."

அதற்கு வந்த பதிலில் அக்கா பறவையைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லாரும் சுகம், நீ சுகமா என்று இருந்தது. அதன் பிறகு கடிதங்கள் சிறுத்தன. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. கடைசியில் தீபாவளிக்கு மட்டும், அதுவும் நான்கு வரி. என் ஒரு வரிதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள், வயல் வேலை, வயது, எல்லாம் இருக்கும். ஆனால் அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது நானும் வெளியேறினேன். ஈப்போவில் புந்தோங் பக்கம் வாடகை வீடு, டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டுகிற கடையில் வேலை. கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அக்காவின் பறவைக்காக என்று இல்லை, அது இல்லை என்று முடிவு கட்டியாயிற்றே. போகாவிட்டால் அந்த வாரம் குறையாக இருந்தது, அவ்வளவுதான். பார்த்ததைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பேன். நீலக்கோழி பன்னிரண்டு, முக்குளிப்பான் நான்கு, குருட்டுக்கொக்கு ஒன்பது. பெயர் தெரியாததற்கு நானே ஒரு பெயர் போடுவேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

1984, நவம்பர். தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் காலம். முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் விட்டிருந்தது, ஆனால் குனோங் ராபாட் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தன. என் மோட்டார் சைக்கிளின் பின்னால் மச்சான் தூண்டிலோடு உட்கார்ந்து வந்தார். என் மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். எனக்குப் பறவை, அவருக்கு விரால் மீன். இரண்டு பேரும் போவது பத்துகாஜா சாலையில் உள்ள ஒரே குட்டைக்குத்தான்.

"என்னா மச்சான், இன்னிக்கும் கொக்குக்குப் பெரட்டு எடுக்கப் போறியா?" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. இந்தக் கிண்டலை அவர் வாராவாரம் சொல்வார். "வராத கொக்குக்கு அரை நாள் சம்பளம் வெட்டிரு. அப்பத்தான் ஒழுங்கா வேலைக்கு வரும்."

குட்டையின் கரையில் அன்றைக்கு ஒரு சீனர் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் தூரக்கண்ணாடி, கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம். அவர் நிற்கிற இடம் நான் வழக்கமாக உட்காரும் இடம். நான் இருபது அடி தள்ளிப் போய்க் குந்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது ஒங்க எடமா? வாங்கலா, உக்காருங்க. நான் நகந்துக்கிறேன்."

நல்ல தோட்டத்துத் தமிழ். நான் வாய் திறக்குமுன் மச்சான் கேட்டுவிட்டார். "யாரு பெத்த புள்ளய்யா நீ? எங்க வூட்டுத் தமிழு பேசுற?"

அவர் சிரித்தார். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தாராம். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். இப்போது ஈப்போவில் கடிகாரம் பழுது பார்க்கிற கடை. "ஆறு நாளு சின்னச் சக்கரத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஏழாம் நாளு தூரமாப் பாக்கணும்லா, இல்லாட்டி கண்ணு போயிரும்" என்றார்.

அதன் பிறகு அவரும் நானும் பேசவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படிப் பேசாமல் பக்கத்தில் இருக்க ஓர் ஆள் கிடைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒன்பது மணிபோல, பன்றி வளர்க்கிற ஒருவர் சின்னப் படகில் வந்து ஆகாயத் தாமரையை வாரி ஏற்ற ஆரம்பித்தார். பன்றிக்கு வேகவைத்துப் போட. படகு உள்ளே போகப் போக இலைகளுக்கு நடுவிலிருந்து பறவைகள் எழும்பின. குருட்டுக்கொக்கு உட்கார்ந்திருந்தால் தவிட்டு நிறம், கண்ணுக்கே தெரியாது. பறந்தால் இறக்கை பளீரென்று வெள்ளை. எழும்பிப் போய் அந்தப் பக்கம் இறங்கின.

"ஏழு" என்றேன், என்னையறியாமல் சத்தமாக.

"ஆறு" என்றார் கடிகாரக்காரர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏழுங்க. நான் எண்ணுனேன்."

"ஏழு பறந்துச்சு அண்ணே. குருட்டுக்கொக்கு ஆறுதான்." கண்ணாடியை இன்னும் அழுத்திப் பிடித்தார். "ஏழாவது கொக்கு இல்ல. காலைப் பாத்தீங்களா? வெரலு அம்புட்டு நீளமாத் தொங்குச்சு."

மச்சான் தூண்டிலிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "ஆறா ஏழான்னு அடிச்சிக்காதீங்கப்பா. கெராணியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுவோம்." தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர்தான் கெராணி.

கடிகாரக்காரர் தூரக்கண்ணாடியை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அதுவரை நான் அப்படி ஒன்றைத் தொட்டது இல்லை. முதலில் எல்லாம் ஆடியது, என் மூச்சே கண்ணாடியில் படிந்தது. பிறகு தெரிந்தது. தாமரை இலை மேல் ஒரு பறவை. முதுகு தவிட்டு நிறம், வயிறு வெள்ளை. கண்ணிலிருந்து கழுத்து வழியாக ஒரு கறுப்புக் கோடு இறங்கி நெஞ்சில் மாலைபோல வளைந்தது. குருட்டுக்கொக்கு இறங்கிய இடத்தில் சிலைபோல நிற்கும். இது நிற்கவில்லை. ஒவ்வொரு இலையாகக் கால் வைத்து, விரல்களை விரித்து விரித்து நடந்தது. இலை லேசாக அமுங்கும், அதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும்.

"இதுவா? இது வருசா வருசம் வருமே" என்றேன். "நடக்கிற கொக்கு."

"என்னா சொன்னீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டைப் பையில் பழைய காலண்டர் தாள்கள் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நானே படித்தேன். போன வருடம் டிசம்பர், நடக்கிற கொக்கு ஒன்று. ஜனவரி, நடக்கிற கொக்கு இரண்டு. வீட்டில் இருக்கிற தாள்களில் எட்டு வருடத்துக்கு முந்தையதிலும் இருக்கும் என்றேன்.

"அண்ணே," என்றார், "நான் இதை ஆறு வருசமாத் தேடுறேன்லா. ரொம்பப் பேரு பாத்ததில்ல. நீங்க கொக்குன்னு எழுதி சோப்புல வெச்சிருக்கீங்க!" சட்டைப் பையைத்தான் தோட்டத்தில் சோப்பு என்போம்.

பையைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தார். மரத்திலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் படாமல் தன் சட்டைக்குள் வைத்தே பக்கத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். தவிட்டு முதுகு, நெஞ்சில் கறுப்பு மாலை, நீண்ட விரல்கள். எதிரே தண்ணீரில் நடக்கிறதேதான்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம் இருந்தது. உடம்பு கறுப்பு மாதிரி. இறக்கை வெள்ளை. பின்கழுத்தில் பொன் மஞ்சள். அரிவாள் போல வளைந்த வால்.

"இது எந்த ஊருப் பறவை?" என்று கேட்டேன்.

"அதுவும் இதுதான். ரெண்டும் ஒண்ணு. குஞ்சு பொரிக்கிற மாசத்துல இப்பிடி வால் வளத்துக்கிட்டு இருக்கும். அது முடிஞ்சதும் வால் உதுந்துரும், நெறமும் மாறிரும். இங்க வர்றப்போ எல்லாம் வால் இல்லாமத்தான் வரும்."

"வைகாசியில வால் இருக்குமா?"

"வைகாசின்னா? மே, ஜூனா? ஆமா. அப்போ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா அப்போ இங்க இருக்காதுலா, போயிரும்."

நான் குந்தியிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரமண், கால்சட்டை நனைந்தது. இரண்டு வருடம் ஒரு முழ வாலைத் தேடினேன். வால் இல்லாமல் அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்து, இல்லை என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறேன்.

மச்சான் தூண்டிலை வைத்துவிட்டு வந்தார். "என்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிருச்சு?"

அன்றைக்குத்தான் நான் அதைச் சொன்னேன். மனைவியிடமும் அதுவரை சொன்னதில்லை. கடிதம், ஏரிக்கரை, துணி துவைக்கிற கல், அவள் கேட்டது, நான் எழுதியது எல்லாம். சொல்லி முடிக்க நேரமாயிற்று, நான் திக்கித் திக்கித்தான் பேசுவேன். மச்சான் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

"அப்போ இது அக்கா ஏரியில இருந்துதான் வருதா?" என்று கடிகாரக்காரரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்பிடிச் சொல்ல முடியாது அண்ணே. இங்க வர்றது பெரும்பாலும் சீனா பக்கத்துல இருந்து வரும். ஒங்க அக்கா பாத்தது அங்கயே இருக்கிறதா இருக்கும். ஜாதி ஒண்ணு, ஊரு வேற." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா ஊருப் பறவைலா, வேணும்னா ஒங்களுக்குப் பாதி தர்றேன்" என்றார்.

மச்சான் என் காதருகே குனிந்தார். "அக்காகிட்ட அதையெல்லாம் எழுதாத. ஒன் ஏரியில இருந்துதான் வருதுன்னு எழுது. யாரு போயிக் கேக்கப் போறா?"

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். மச்சான் சொன்னபடி எழுதத்தான் ஆசை. ஆனால் ஏற்கனவே ஒரு தடவை அவளுக்குத் தப்பாக எழுதியவன் நான். நடந்ததை அப்படியே எழுதினேன். அந்தப் பறவை இங்கே இருக்கிறது, நான் தேடத் தெரியாமல் தேடினேன், இங்கே வரும்போது அதற்கு வால் இல்லை, வேறு நாட்டிலிருந்து வருகிறது, ஆனால் ஒரே ஜாதி. நெஞ்சில் உள்ள மாலையைப் பேனாவால் வரைந்தும் காட்டினேன். மூன்று தாள் ஆயிற்று. அவளுக்கு நான் அவ்வளவு எழுதியதே இல்லை.

ஜனவரியில் பதில் வந்தது. அக்காவின் எழுத்துதான், ஆனால் பெரிது பெரிதாக இருந்தது. கண் முன்போல இல்லை போலும்.

"தம்பி, உன் கடிதம் படித்து அழுதேன். நீ இன்னும் அதை ஞாபகம் வைத்திருக்கிறாய். ஆனால் வால் இல்லாதது எப்படி அந்தப் பறவை ஆகும்? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். சின்னதிலிருந்தே நீ பொய் சொன்னால் நீளமாகச் சொல்லுவாய். பரவாயில்லை. நீ இல்லை என்று எழுதிய அன்றைக்கே நான் அதை விட்டுவிட்டேன்."

பல தடவை படித்தேன். கடிதத்தில் கோபம் இல்லை. அவள் கோபித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் மன்னித்துவிட்டாள், நான் செய்யாத ஒன்றுக்காக. செய்ததற்கு அவளிடம் மன்னிப்பே மிச்சமில்லை.

கடிகாரக் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணில் பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "திரும்பிப் போறதுக்கு முன்னாடி, ஏப்ரல் கடைசியில, ஒண்ணு ரெண்டுக்கு வால் மொளைக்க ஆரம்பிக்கும்னு புத்தகத்துல இருக்கு. நான் பாத்ததில்ல. அதுக்குள்ள எல்லாம் போனாலும் போயிரும்" என்றார்.

மார்ச்சிலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை. இரண்டு பறவைகள் இருந்தன. ஏப்ரல் நடுவில் ஒன்று போய்விட்டது. மிச்சம் இருந்ததற்கு வயிறு அழுக்குப் பட்டதுபோல ஆகியிருந்தது, வால் இல்லை. ஏப்ரல் கடைசி ஞாயிறு மச்சானும் கடிகாரக்காரரும் கூட வந்தார்கள். வெகு நேரம் ஒன்றும் இல்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பத்து மணிக்கு மேல் தாமரைக்கு நடுவிலிருந்து நடந்து வெளியே வந்தது. வயிறு கறுத்திருந்தது, அங்கங்கே வெள்ளைத் திட்டு. பின்கழுத்தில் மஞ்சள். பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு, மெல்லிசாக, கறுப்பாக வால்.

மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மச்சான்தான் அதிக நேரம் கண்ணாடியை வைத்திருந்தார். "எழுது மச்சான், இப்பவே எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். இந்தா, இந்தச் சீனரும் போடட்டும். மூணு பேரா பொய் சொல்லுவோம்?"

அங்கேயே கரையில் உட்கார்ந்து நீலத்தாளில் எழுதினேன். இந்தத் தடவை ஆறு வரிதான். கீழே மச்சான் தன் கையாலேயே எழுதினார்: "அக்கா, நானும் பாத்தேன். ஒரு சாண் வால். சத்தியம்." அதற்குக் கீழே கடிகாரக்காரர் சீன எழுத்தில் தன் பெயரைப் போட்டார். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தேன். அதற்கடுத்த ஞாயிறு போனபோது பறவை இல்லை.

கடிதம் போக பத்து நாள், பதில் வர பத்து நாள் என்பது வழக்கம். நேற்றோடு இருபது நாள் ஆகிவிட்டது. பதில் வந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அக்கா என்ன சொன்னாலும், அது தெரியுமுன் நான் கண்டதை எழுதிவைத்துவிட வேண்டும் என்று இன்று காலை தோன்றியது. நான் வேலையில் இருக்கும்போது நீலத்தாள் வந்தால் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

புந்தோங், ஈப்போ
19 மே 1985, ஞாயிற்றுக்கிழமை